வாயால் சொல்லச் சொன்ன ஆபிரிக்கா ரீச்சர்

செய்தி டெனிஷ் மொழியில்தான் வந்தது. ஒடென்சேயில் நான் வேலை செய்யும் வெதுப்பகத்தில், மாவு படிந்த கையோடு தொலைபேசியை எடுத்தேன். மறுமுனையில் ஹென்னிங். கோப்பன்ஹேகனுக்குக் கிட்ட உள்ள ஒரு தேவாலய மண்டபத்தில் எங்கள் சின்னச் சங்கத்துக்குத் தலைவராக இருக்கிறவர். "பவளராணி இன்று காலை போய்விட்டார். இதயம்" என்றார். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அவர் கேட்டார்: "நீ இப்போது தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாயா?"

உண்மைதான். தொலைபேசியைக் காதில் வைத்தபடி, ஆருக்கும் தெரியாத இடத்தில், தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டுதான் நின்றேன். அந்தக் கேள்விக்கு ஒரு கதை இருக்கிறது. ரீச்சரை அறிந்தவர்களுக்கு அதில் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதியையும் எழுதி வைக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பவளராணி ரீச்சர் யாழ்ப்பாணத்தில் பாலர் வகுப்புப் படிப்பித்தவர். கணவர் கணித ஆசிரியர். அந்தக் காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் பலர் ஆபிரிக்காவுக்கு ஒப்பந்தத்தில் போனார்களே, அப்படி அவரும் வடக்கு சாம்பியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். ரீச்சரும் கூடப் போனார். வீட்டில் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. பக்கத்துக் கிராமத்தில் வெறுமையாகக் கிடந்த ஒரு சோளக் களஞ்சியத்தைக் கூட்டிப் பெருக்கி, தாய்மாரைச் சேர்த்து, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்று தொடங்கினார். கணவர் அங்கேயே காய்ச்சலில் இறந்து, அந்த மண்ணிலேயே அடக்கமானார். அதன் பிறகும் அவர் அங்கேதான் இருந்தார். பிறகு ஊருக்குத் திரும்பி வந்த நேரம் பார்த்து நாடு எரியத் தொடங்கிவிட்டது. எண்பத்து நான்கின் கடைசியில், எங்களைப் போலவே ஒரு சூட்கேசோடு டென்மார்க்கின் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தார்.

முகாமில் நாங்கள் செய்த முக்கியமான வேலை முறைப்பாடு. உருளைக்கிழங்கு பற்றி, கறுத்த ரொட்டிப் பாண் பற்றி, நாலு மணிக்கே இருட்டுகிறது என்பது பற்றி. ரீச்சர் வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, உடுப்புத் தோய்க்கும் அறையில் எங்கள் பிள்ளைகளை எல்லாம் இருத்தி வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். யந்திரங்களின் சூட்டில் அந்த அறை ஒன்றுதான் முகாமில் கதகதப்பாக இருந்தது என்பதை அவர்தான் கண்டுபிடித்திருந்தார். முதலில் ஓட்ஸ் கஞ்சி, பிறகுதான் பாட்டு. "வயிறு நிரம்பாத பிள்ளைக்குக் காது திறவாது" என்பார். எங்கள் எந்தப் பேச்சுக்கும் பதிலாக, "ஆபிரிக்காவிலை நாங்கள்..." என்று தொடங்குவார். கேலிக்கு நான்தான் "ஆபிரிக்கா ரீச்சர்" என்று பெயர் வைத்தேன். அவர் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டார். பதிலுக்கு, ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்த என்னைக் கடைசிவரை "போஸ்ட்மாஸ்டர்" என்றே கூப்பிட்டார். நான் போஸ்ட்மாஸ்டராக இருந்ததே இல்லை.

கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், இஷொய் தொடர்மாடிகளில் எங்களுக்கு வீடுகள் கிடைத்த பிறகு அவர் தொடங்கிய சங்கத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தேவாலயத்தில் சந்தித்த ஹென்னிங்கும் அவருடைய நண்பர்களும் பாதி, நாங்கள் பாதி. ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் மண்டபத்தில் பருப்பு வடையும் ரோல்சும் போட்டு விற்று, அந்தச் சோளக் களஞ்சியப் பள்ளிக்கு உதவுவது. எனக்கு அது முதலில் பிடிக்கவில்லை. ஒருநாள் அவருடைய குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டே வெடித்தேன்.

"ரீச்சர், எங்கட வீடு அங்கை எரியுது. நீங்கள் சாம்பியாவுக்குக் கஞ்சி காய்ச்சுறியள்."

அவர் அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை.

"இந்த டெனிஷ்காரர் உங்களுக்குக் கதவைத் திறந்தவை. தங்கட வீடு எரிஞ்சதெண்டோ திறந்தவை?"

நான் வெங்காயத்தை அரிந்து முடித்தேன். கண் எரிந்ததற்கு நல்ல சாட்டு இருந்தது.

இனி அந்தக் கூட்டம். ஒரு பால்பண்ணைக் கூட்டுறவில் இருக்கும் நண்பர் மூலம் நிறையப் பால்மா இலவசமாகக் கிடைக்கும் என்று ஹென்னிங் சந்தோசத்தோடு அறிவித்தார். அவர் பால்மாடுகளோடு வளர்ந்த விவசாயி மகன். பாலைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் கோயில் வாசலில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். பால்மா வேண்டாம், குரக்கனும் கச்சானும், அதாவது கேழ்வரகும் நிலக்கடலையும், அரைக்க ஒரு யந்திரமும் கஞ்சி காய்ச்சும் பெண்களுக்குச் சம்பளமும்தான் வேண்டும் என்று ரீச்சர் சொன்னார். விவாதம் நீண்டது. கடைசியில் வாக்கெடுப்பு. டெனிஷ்காரர்கள் கையை உயர்த்தினார்கள். பாதி ஆட்கள் பால்மாவுக்கு, பாதி ஆட்கள் யந்திரத்துக்கு. பிறகு ஹென்னிங் எங்கள் பக்கம் திரும்பி, "பால்மா அனுப்புவதற்கு நீங்கள் சம்மதமா?" என்றார். நான் தமிழில் சொன்னேன்.

எங்கள் சனத்துக்கு இலவசமாக வருவதை, அதுவும் வெள்ளைக்காரர் முகத்துக்கு நேரே, வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? எல்லாரும் மரியாதையாக, அழகாக, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்கள். மொழிபெயர்த்த நானும் ஆட்டினேன். ரீச்சர் மட்டும் ஆடாமல் இருந்தார். ஹென்னிங்கின் முகம் சுருங்கியது. ஒரு வரி எழுதிக்கொண்டார். "அப்படியானால் பால்மா இல்லை" என்று டெனிஷில் முணுமுணுத்துவிட்டு அடுத்த விசயத்துக்குப் போனார். கதிரைகள் இழுபட்ட சத்தத்தில் எனக்கு அது காதில் விழவில்லை. ரீச்சருக்கு விழுந்தது. அவருடைய டெனிஷ் அரைகுறைதான், ஆனால் 'இல்லை' என்ற சொல் எந்த மொழியிலும் அவருக்கு விளங்கும்.

திரும்பி வரும் ரயிலில் அவர் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. "நீங்கள் ஓம் எண்டு ஆட்டின தலையை அந்தாள் இல்லையெண்டு எழுதிப்போட்டுது." பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். டெனிஷ்காரன் தலையை இப்படி ஆட்டினால் மறுப்பு, நாங்கள் ஆட்டினால் சம்மதம் என்பது அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உங்களுக்கு வாய்ச்சுப்போச்சு ரீச்சர். பேசாமல் இருங்கோ" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "ஏமாத்திக் கிடைச்சது எப்பவும் ஏமாத்திக் கிடைச்சதுதான். நாளைக்கு அந்தாளுக்குத் தெரிய வந்தால், கஞ்சியையும் நம்பாது, என்னையும் நம்பாது." அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலுக்காகக் குளிரில் நின்றார். எங்கள் ரயில் நகர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே மேடையில் அவர் நின்ற நிற்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. தான் உயிரைக் கொடுத்துக் கேட்ட ஒன்று கையில் வந்து விழுந்த பிறகு, அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிற மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. மலைத்துப்போனேன்.

அவர் போய் உண்மையைச் சொன்னார். ஹென்னிங் அந்த முடிவைத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு நேரில் பேச இஷொய்க்கு வந்தார். ரீச்சருக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "நான் நினைக்கிற மொழியிலையே சொல்லப்போறன் போஸ்ட்மாஸ்டர், நீங்கள் ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ" என்றார்.

மேசையில் இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றதில், பனி உருகித் தொடர்மாடிக்குப் பின்னால் தேங்கி நின்ற தண்ணீர். அதை அவரே கேத்தலோடு போய் அள்ளி வந்திருந்தார். மண் கலங்கியிருந்தது. இரண்டிலும் பால்மாவைப் போட்டுக் கலக்கினார். கலக்கி முடிந்ததும் இரண்டும் ஒரே வெள்ளை. எது எதென்று எனக்கே தெரியவில்லை.

"குடியுங்கோ" என்றார்.

ஹென்னிங் கையை நீட்டவில்லை.

"உங்கட பாலிலை ஒரு பிழையும் இல்லை. பிழை தண்ணியிலை. பால்மா அதை மறைச்சுப்போடும்."

"கொதிக்க வைக்கலாமே" என்றார் ஹென்னிங். நல்ல மனிதர், நியாயமான கேள்வி.

"வைக்கலாம். ஆனால் பால்மா கொதிக்காமலே கரையும். விறகுக்கு அந்தத் தாய் விடிய எழும்பி நடக்கோணும். அவசரத்திலை ஆரும் கொதிக்க வைக்காயினம். கஞ்சி அப்பிடி இல்லை. கொதிச்சால்தான் கஞ்சி. அதுக்குத்தான் நான் கஞ்சி கேக்கிறன்."

பிறகு மேசையைப் பார்த்தபடி சொன்னதையும் நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். சாம்பியாவில் பள்ளி தொடங்கிய முதல் வருடம் எங்கிருந்தோ பால்மாப் பெட்டிகள் வந்தனவாம். "நான்தான் கரைச்சுக் குடுத்தனான். என்ர கையாலை. வயித்தோட்டத்திலை ஒரு பெட்டைக் குஞ்சு செத்துப்போச்சு. மூண்டு வயசு. தாய் என்னை ஒரு சொல் பேசேல்லை. அடுத்த நாள் தன்ர குரக்கனைக் கொண்டுவந்து, இதைக் காய்ச்சுங்கோ எண்டு தந்தவ." பள்ளியின் கஞ்சி அப்படித்தான் தொடங்கியது. வறுத்த குரக்கன் மா, இடித்த கச்சான், அந்த ஊர் ஏரியில் பிடித்துக் காயவைக்கும் நெத்தலி போன்ற சின்ன மீனின் தூள். எல்லாம் அந்த மண்ணில் விளைவது, அந்தத் தாய்மாருக்குத் தெரிந்தது.

ஹென்னிங் எழுந்து போய் இரண்டு குவளைகளையும் தொட்டியில் ஊற்றினார். பால் ஓடுவதைப் பார்க்க அவருக்கு நோகிறது என்று தெரிந்தது. பிறகு அடுத்த கூட்டத்தில் அவரே யந்திரத்துக்காகப் பேசினார். வாக்கெடுப்புக்கு முன் ரீச்சர் எழுந்து எங்கள் பக்கம் பார்த்து, மண்டபம் அதிரச் சொன்னார்: "ஒருத்தரும் தலையை ஆட்டக்கூடாது. வாயாலை சொல்லுங்கோ!" நாங்கள் எல்லாரும் வாயால் சொன்னோம். ஹென்னிங் அந்தத் தமிழ் வாக்கியத்தைக் கேட்டு எழுதிப் பாடமாக்கிக்கொண்டார்.

அரைக்கும் யந்திரம் போய்ச் சேர்ந்த சில மாதத்தில் அந்தக் கிராமத்திலிருந்து ஒரு கசெற் வந்தது. ரீச்சரின் வீட்டில் எல்லாரும் கூடி இருந்து போட்டுக் கேட்டோம். யந்திரத்தின் இரைச்சல், பெண்களின் சிரிப்பு, பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். அதற்குள்ளிருந்து குழந்தைகளின் குரல்கள் கூட்டமாக எழுந்தன: "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு..." கஞ்சிக்கு முன் கை கழுவும்போது எண்ணி எண்ணித் தேய்க்க ரீச்சர் பழக்கியது. அவர் அங்கிருந்து வந்து வருடங்களாகிவிட்டன. அந்தப் பிள்ளைகளில் பலர் அவரைக் கண்டதே இல்லை. ஆனாலும் அசல் யாழ்ப்பாணத்து 'மூண்டு' அந்தக் களஞ்சியத்தில் நின்று பிடித்திருந்தது. டெனிஷில் பதில் சொல்லத் தொடங்கிவிட்ட எங்கள் வீட்டுச் சின்னன்களும் தரையில் இருந்தபடி கூட எண்ணின. ரீச்சர் மட்டும், "பத்து மட்டும் எண்ணோணும், அஞ்சோடை நிப்பாட்டிப்போட்டினம்" என்று குறைப்பட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

பிறகு நான் வேலை கிடைத்து ஒடென்சேக்கு மாறினேன். ரயிலோடு கப்பலில் ஏறிக் கடலைக் கடந்து வருவது அலுப்பு என்று ஞாயிறுகளைக் குறைத்துக்கொண்டேன். அவர் குறை சொல்லவில்லை. தொலைபேசியில், "வடைக்கு ஆள் காணாது போஸ்ட்மாஸ்டர்" என்பார், அவ்வளவுதான்.

இறுதிச் சடங்கன்று மண்டபத்தில் கோப்பி கொடுத்தார்கள். ஹென்னிங் எழுந்து நின்றார். பெரிய உதவி நிறுவனம் ஒன்று பள்ளியைத் தானே பொறுப்பேற்பதாகக் கேட்டிருக்கிறது, அவர்களிடம் பால்மா நிறைய இருக்கிறது, சங்கத்தை மூடிவிட்டுக் கொடுத்துவிடுவது எல்லாருக்கும் சுகம் என்றார். "அல்லது நாமே தொடர வேண்டும். அந்தப் பெண்களின் சம்பளம், யந்திரத்துக்கு எண்ணெய், எல்லாம். பவளராணி இல்லாமல். தொடர்வதற்கு நீங்கள் சம்மதமா?"

நான் மொழிபெயர்த்தேன். மண்டபத்தில் எல்லாத் தலைகளும், துக்கத்தோடும் மரியாதையோடும், இரண்டு பக்கமும் ஆடின.

ஹென்னிங் கோப்பையை மேசையில் வைத்தார். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, தமிழில் சொன்னார்:

"வாயாலை... சொல்லுங்கோ."

பின்வரிசையில் ஒரு அம்மா, "ஓம்" என்றார். அடுத்து அவருடைய மகன். பிறகு வரிசை வரிசையாக, அழுதுகொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும், ஓம், ஓம் என்று வந்துகொண்டே இருந்தது. ஹென்னிங் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

ரீச்சரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது இது ஒன்றுதான்: செய்வதாக இருந்தால் வாயைத் திறந்து சொல்வது, சொன்னால் போய்ச் செய்வது. "ஓம்" என்றேன், மண்டபத்துக்கு வெளியேயும் கேட்டிருக்கும். வருகிற ஞாயிறு வடை போடுவது என் முறை. சனி பின்னேரமே கப்பலேறி வந்து பருப்பை ஊறப்போட வேண்டும்.