பைலிங் இல்லாத கோபுரமும் என் குளியலறைச் சுவரும்

கோலாலம்பூரில் நிற்கும் கே.எல். கோபுரத்தைக் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

பொய்தான், வீட்டில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அது எழும்பிய காலத்தில் நான் சுங்கை சோவில் ஒரு லோரியில் எடுபிடியாக இருந்தேன். அந்த வழியாகப் போனதுண்டு. போனபோதெல்லாம் முன் சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினேன். என் கையால் கட்டியது என்றால், புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீட்டுக் குளியலறை ஒன்றுதான். சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டிப் போட்டேன். சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மழை பெய்தால் கதவு இறுகிக்கொள்ளும்.

என் மனைவிக்கு வெகுநாளாக ஒரே ஆசை. அந்தக் கோபுரத்து உச்சியில் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் என்னோடு நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். எனக்கோ கோழிக்கூண்டின் மேல் ஏறினாலே தொடை நடுங்கும். இதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. போன தீபாவளி விடுமுறையில் அவள் தம்பி காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான்.

"மாமா, நீங்க கட்டுன டவர்தானே. முன்னாடி போங்க லா," என்றான்.

கோபுரத்தின் அடியில் பெரிய ஜெலுத்தோங் மரம் ஒன்று நின்றது. அதை வெட்டக் கூடாதென்று கோபுரத்தையே தள்ளிக் கட்டினார்களாம். அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண் சொன்னாள். நான் எஸ்டேட்டில் பிறந்தவன். எங்களை வேலை வாங்கும் மண்டோர் சாயா ஆறுவதற்குள் ஒரு காட்டையே சாய்க்கச் சொல்வார். ஒரு மரத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நேரத்தைக் கடத்தத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேள்வி வேறு கேட்டேன்.

"ஏம்மா, அடியில பைலிங் தூணு எவ்வளவு ஆழம் எறக்கிருக்காங்க?"

"பைலிங்கே இல்ல அங்கிள். மண்ணத் தோண்டி, நிறுத்தாம கான்கிரீட் ஊத்துனாங்க. அது மேலதான் மொத்தமும் நிக்குது."

"ஒரு தூணுகூடவா எறக்கல?"

"இல்ல அங்கிள்."

"கெட்டிக்காரனுங்க!" என்று மனைவி கைதட்டினாள். இராப்பகலாக ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் என்னைப் போல ஒருத்தன், ஒரே ஒருத்தன், மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் மணலைக் கூட்டிப் போட்டிருந்தால்?

லிஃப்டில் காது அடைத்தது. மேலே போனதும் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்குள் போய் நின்றாள். அவள் பாதத்துக்குக் கீழே அந்தப் பெரிய மரமே கீரைக்கட்டு மாதிரி கிடந்தது.

"ஏங்க, நம்ம ஊரு அந்தப் பக்கந்தானே? வாங்க, வந்து பாருங்க!"

நான் பெட்டிக்கு வெளியே இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை.

"மாமா, மூஞ்சி ஏன் வெளுத்துப் போச்சு? பவுடரா?" என்றான் மச்சான், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி.

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "பயமா இருந்தா வேணாங்க. நான் மட்டும் நிக்கிறேன்," என்றாள், தம்பிக்குக் கேட்காத குரலில்.

அதுதான் என்னைக் கிளப்பியது. கம்பியை விட்டேன். கண்ணை மூடினேன். வலது காலைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்தேன். இடது காலை...

"ஏங்க! கதவு மறுபடியும் மாட்டிக்கிச்சு! எழுதுனது போதும், வந்து தள்ளுங்க!"

இப்போது எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் அடைபட்டு நிற்கிறாள் மனைவி. போய்த்தான் ஆக வேண்டும். அந்தச் சுவரைக் கட்டியது நிஜமாகவே நான்தான்.