அடித்தல் திருத்தல் இல்லாத சிந்து

மோகனூர்ப் பக்கம் அந்த நாளில் கண்ணுசாமியின் சிந்து கேட்காத சந்தை கிடையாது. ஆற்றில் பரிசல் கவிழ்ந்தால் ஒரு சிந்து, எடப்பாடியில் தறிக்கொட்டகை எரிந்தால் ஒரு சிந்து. எவனாவது எவனையாவது வெட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம், ரத்தம் காய்வதற்குள் பாட்டு தயார். சேலத்து அச்சாபீஸ் ஒன்றில் மட்டமான காகிதத்தில் அடித்து வரும். ராசு என்கிற பாட்டுக்காரன் சந்தைக்குச் சந்தை உடுக்கை தட்டிப் பாடி விற்பான். கண்ணுசாமிக்குப் பிழைப்பு என்னவோ சோளக்காடுதான். பேர் மட்டும் பாட்டால் வந்தது.

அந்தப் பேருக்கு ஒரு காரணம் உண்டு. அவர் எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது. மாரியம்மன் கோயில் முன்னால் வேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். ஊரே சுற்றி நின்று பார்க்கும். பென்சில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகும், ஓரிடத்திலும் நிற்காது. "ஆத்தா சொல்றா, அவரு எழுதறாரு" என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஆத்தாளுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்! சொல்வது தன் மண்டைதான் என்று கண்ணுசாமிக்குத் தெரியும். ஆனால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களிடம் போய் எவன் மறுத்துச் சொல்வான்? சுகமாகத்தானே இருந்தது. பேசாமல் இருந்துவிட்டார்.

முப்பத்துநாலாம் வருஷத்துக் கோடை. பக்கத்து ஊரில் மயிலம்மாளின் புருஷன் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது வடக்கயிறு அறுந்து, கிணற்றில் விழுந்து செத்துப்போனான். புருஷன் பெண்டாட்டிக்குள் ஓயாத சண்டை என்பது ஊரறிந்த சங்கதி. கயிற்றை அறுத்துவிட்டதே அவள்தான் என்று எவனோ கிளப்பிவிட, போலீஸ்காரர்கள் அவளைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் சந்தை. கண்ணுசாமி கோயிலில் உட்கார்ந்தார்.

*வடக்கயித்தை அரிவாளால் அறுத்தாளே - மயிலு*
*வாழவந்த குடியை வேர் அறுத்தாளே*

நிசந்தானா இது, யாரையாவது ஒரு வார்த்தை கேட்டோமா என்று நடுவில் மனசு இடறத்தான் செய்தது. நிமிர்ந்து பார்த்தார். அத்தனை கண்ணும் பென்சில் மேலேயே இருந்தது. நின்றால் மானம் போய்விடும். ஓட்டிவிட்டார்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. அந்த வருஷ மாரியம்மன் நோம்பிக்குப் பெண்டுகள் இதைப் பாடித்தான் கும்மி கொட்டினார்கள். அப்புறம் கேஸ் நடந்தது. கயிறு தேய்ந்து இத்துப்போய்த் தானாக அறுந்தது, இவள்மேல் குற்றமில்லை என்று ஜட்ஜ் துரை மயிலம்மாளை விட்டுவிட்டார். அவள் ஊர் வந்து சேர்ந்தாள். பாட்டு அவளுக்கு முந்தியே வந்து வீட்டுக்கு வீடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கிணற்றடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து கண்ணுசாமிக்குச் சோறு இறங்கவில்லை. மாற்றி எழுதிவிட்டால் தீர்ந்தது என்று உட்கார்ந்து எழுதினார்.

*சேலம் கோர்ட்டில் ஜட்ஜுதுரை சொல்லிப்புட்டாரே - மயிலு*
*செய்யவில்லை குத்தமின்னு தள்ளிப்புட்டாரே*

ராசு அதை வாங்கிப் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தான்.

"ஏனுங்க, இது பாட்டுங்களா, தண்டோராங்களா? சனம் நிக்காதுங்க."

"நிசம் இதுதான் ராசு."

"இருக்கட்டுங்க. அதுல அரிவா இருக்குது. இதுல என்ன இருக்குது? அதுவுமில்லாம, ஆத்தா சொன்ன வாக்க நீங்க எப்படிங்க மாத்தலாம்? தொரை பெருசா, ஆத்தா பெருசா?"

தொலைந்தார் மனுஷன். பாட்டை மாற்ற வேண்டுமானால் முதலில் ஆத்தாளை நாக்கிலிருந்து இறக்கியாக வேண்டும். அதையும் செய்தார். அடுத்த நோம்பிக்குக் கோயில் முன்னால் நின்றுகொண்டு, சொல்லியே விட்டார்.

"ஆத்தா ஒண்ணுஞ் சொல்லலீங்க. நாந்தான் எழுதுனேன். ஒருத்தரையும் விசாரிக்காம எழுதிப்புட்டேன். அந்தப் பாட்டு பொய்யுங்க."

கும்மிக்கு முன்னடி பாடுகிற பெரியநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடப் பாவமே! ஆத்தா இவரை உட்டுப்போட்டுப் போயிட்டாளே!"

அவ்வளவுதான், முடிந்தது கதை. பழைய பாட்டு ஆத்தா கூட இருந்தபோது எழுதியது, அதனால் அது நிசம். புதுப் பாட்டு அவள் போன பிறகு எழுதியது, அதனால் அது பொய். எந்தப் பக்கம் முட்டினாலும் சுவர். அன்றைக்கும் கும்மிக்குப் பழையதையே பாடினார்கள், அவர் காது கேட்க.

"இப்படியே எத்தன நாளைக்குங்க மோட்டுவளையைப் பாத்துட்டுக் குந்தியிருப்பீங்க?" என்றாள் அவர் சம்சாரம் சின்னாயி. "அதைவிட நல்லதா ஒண்ணு எழுதித் தொலைங்களேன். நல்லா இருந்தா சனம் பாடாமயா போயிரும்?"

சொல்வது சுலபம். ஜென்மத்தில் ஒரு வரியை அடித்து எழுதியறியாத கை அது. ஒரு சொல்லை அடித்தால் அடுத்த சொல் வரமாட்டேன் என்றது. வந்த சொல்லோ சண்டித்தனம் செய்தது. செத்தவனின் கிணற்றுக்கே போய், கயிறு உராய்ந்த உருளையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். அதையும் அடித்தார். சோளம் விதைத்தார், அறுத்தார், மறுபடி விதைத்தார். பாட்டு மட்டும் விளையவில்லை. தூ, நானெல்லாம் ஒரு பாட்டுக்காரனா என்று காறித் துப்பாத நாளில்லை. விட்டுத் தொலைக்கலாம் என்றால், எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதோ ஒரு வீட்டில் மயிலு கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தாள். வருஷங்கள் போய், ஒரு நாள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருக்கும்போது வந்தது.

*கயிறு இத்தது கெணத்து மேட்டிலே - மயிலு*
*உசுரு இத்தது ஊரார் பாட்டிலே*

சின்னாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். ராசுவைக் கூப்பிட்டுப் பாடிக் காட்டினார். அவன் உடுக்கையைக் கையில் எடுத்தான்.

"இது நிக்குமுங்க! ஆத்தா சொன்னாளோ, நீங்க சொன்னீங்களோ, நான் பாடறேன்."

"பொறு. கேக்க வேண்டியவங்களைக் கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பினார் கண்ணுசாமி.

மயிலம்மாள் காட்டில் கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அவர் நின்றபடியே பாடி முடித்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள், ஆய்வதை நிறுத்தாமல். "என் உசுரு இத்துப்போச்சுன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

கண்ணுசாமி கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் காட்டை ஒத்தைல பாடுபட்டு வெச்சிருக்கறேன். உங்க பாட்டுப் பாடாத ஊராத் தேடி எம்மவளைக் கட்டிக் குடுத்தேன். இத்துப்போனவ செய்யற வேலைங்களா இதெல்லாம்? அதுல கொலைகாரியாப் பாடுனீங்க, இதுல பொணமாப் பாடறீங்க. அடிங்க அதை."

"அம்மிணி, பாட்டே அந்த அடியிலதானுங்க நிக்குது..."

"அடிங்கன்னேன்."

அவர் மடியிலிருந்து பென்சிலை எடுத்தார். இன்னொருவர் கண் முன்னால் அவர் ஒரு வரியை அடித்தது அன்றைக்குத்தான். வாழ்நாளில் அமைந்த ஒரே நல்ல அடி!

"அந்த எடத்துல என்னன்னு எழுதட்டுங்க?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்? எழுதுனவரு நீங்கதானுங்களே" என்று அவள் அடுத்த செடியை எடுத்தாள்.

கண்ணுசாமி பென்சிலும் கையுமாக வரப்பில் உட்கார்ந்தார்.