பூனைக்கண்ணு

பொறாமை கெட்ட குணம் என்று நாற்பது வயதுக்கு மேல் பல புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். பதினேழு வயதில் அது எனக்கு முழுநேர வேலையாக இருந்தது. வேறு வேலையும் கிடைத்திருக்கவில்லை.

காரணம், எங்கள் ராயபுரத்துச் சந்தில் மூன்றாவது வீட்டுப் பையன், என் தோஸ்து. என்னோடுதான் கடலில் குதித்தான், என்னோடுதான் வெயிலில் அலைந்தான். நான் கரியானேன், அவன் லேசாகச் சிவந்தான். கண் வேறு வெளிர்பழுப்பு. சந்தே அவனைப் 'பூனைக்கண்ணு' என்றுதான் கூப்பிடும்.

யுத்தம் முடிந்த வருஷம் ரயில்வே பட்டறைக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு வரிசை. ஆங்கிலோ-இந்தியப் பையன்களுக்கு வராந்தா, பெஞ்சு, பானைத் தண்ணீர். எங்களுக்கு எதிரே வெயில். அங்கே தேறியவன் பிற்பாடு இன்ஜின் ஓட்டலாம். இங்கே தேறியவன் அதே இன்ஜினுக்குக் கரி அள்ளலாம்.

வெயிலில் நின்றபோதுதான் பார்த்தேன். வராந்தா வரிசையில் நாலாவது ஆளாக, மூர் மார்க்கெட் பழைய தொப்பியோடு என் தோஸ்து! ஞானஸ்நானப் பெயர் ஏற்கெனவே இங்கிலீஷ்தான். விண்ணப்பத்தில் அப்பாவின் தமிழ்ப் பெயரை மட்டும் கழற்றிவிட்டிருக்கிறான். முந்தின நாள்வரை என்னிடம் மூச்சு விடவில்லை.

ஆள் எடுக்கும் வெள்ளைக்காரத் துரை வந்தார். தொப்பி போட்ட நேட்டிவ் எவனோ வராந்தாவில் நுழைந்திருப்பதாகக் கேள்வி, அகப்பட்டால் போலீஸ்தான் என்றார்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. அநியாயத்தைக் கண்டு கொதித்தது என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், வரிசை இரண்டாக இருந்தது என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. அவன் என் பின்னால் நிற்காததுதான் உறுத்தியது. தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"டேய் பூனைக்கண்ணு!"

வராந்தாவில் ஐந்து தலைகள் திரும்பின.

"எவண்டா அவன்? எங்க ஆயா கூப்புட்ற பேரு உனுக்கு எப்டிடா தெரியும்?" என்று அசல் வெள்ளைத் தாத்தா உள்ள ஒருவன் எகிறினான்.

"கலீஜ் பையா, இங்க வாடா!" என்றான் இன்னொருவன்.

பாவம், அவரவர் தெருவில் அவர்களுக்கும் அதே பெயர்தான் போலிருக்கிறது.

திரும்பாத தலை ஒன்றே ஒன்று. துரை அதன் அருகே போய் நின்றார். "இவன் ஒருவனுக்குத்தான் தமிழ் தெரியவில்லை" என்று இங்கிலீஷில் மெச்சி, அவனை முதல் ஆளாக உள்ளே அனுப்பினார். என்னைக் காவல்காரர் கழுத்தைப் பிடித்து வெளியே அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்துத் தோஸ்து என்னைச் சந்தில் பிடித்துக்கொண்டான்.

"நீதானே கத்துன?"

"ஆமாண்டா. என்னாண்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணிருப்ப? மூஞ்சிக்கு வெள்ளையடிச்சிகினு வந்துருப்பியா? திரும்புனா செத்தேன்னு நின்னேன். கழுத்து இன்னும் வலிக்குது நைனா."

அதற்குள் அவன் வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல். "பூனைக்கண்ணு, சோறு ஆறுது!"

அவன் திரும்பவில்லை. சந்து முனையில் வராந்தாப் பையன் ஒருவன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா இரண்டாம் முறை கூப்பிட்டாள், மூன்றாம் முறையும். இவன் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"தோ, வந்துகினு கீறான்மா!" என்று நான்தான் குரல் கொடுத்தேன்.

அன்று என் பொறாமை கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். அந்தத் தொப்பி அவனுக்கு நன்றாகவே இருந்தது.