நசீம் பானு கையெழுத்துப் போடாத காலை

என் வீட்டுக்காரர் முகேஷ்குமாருக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டு டிவி கூடத்து ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பட்டப்பகலில் லைட் போட்டுக்கொண்டு டிவி பார்க்கும் குடும்பம் எங்கள் ஊர் அகரத்திலேயே எங்களுடையது மட்டும்தான். அப்படிப்பட்டவர் தென்னந்தோப்பை ஒட்டி மண்ணில் ஓடுபாதை போட்டு, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைப் பழையதாக வாங்கி நிறுத்தியதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அடுப்படியை இடித்துக் கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை. அந்த விமானத்துக்கு மீட்டர் மாட்ட வந்த நசீம் பானு அக்காவைப் பற்றி.

போன மார்கழியில் ஒரு காலை, வானம் தெளிவாக இருக்கிறது என்று இவர் கிளம்பினார். செத்த நேரத்தில் சிறுமலைப் பக்கமிருந்து பனிமூட்டம் வந்து தோப்பையும் ரோட்டையும் மூடிவிட்டது. விமானத்தின் பழைய உயர மீட்டரில் முள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு அசையவில்லையாம். மலை எந்தப் பக்கம், தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றியிருக்கிறார். எப்படியோ பனியில் ஒரு இடைவெளி கிடைத்து இறங்கினார். இறங்கியவர் குழாயடியில் உட்கார்ந்தவர்தான், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். "ஒண்ணு வித்துருங்க, இல்ல ஒழுங்கான மீட்டர் மாட்டுங்க" என்றேன். என் மாமியார் ஜக்கம்மாள் அழவில்லை, பேசவும் இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்.

இவர் விமானம் ஓட்டப் படித்த பள்ளியில் இன்ஜினியராக இருந்தவர் நசீம் பானு அக்கா. சொந்த ஊர் திண்டுக்கல், பேகம்பூர். இப்போது ஊரோடு வந்துவிட்டார், கூப்பிடுகிற இடத்துக்குப் போய் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு நான்தான் ஃபோன் செய்தேன்.

அக்காவின் அப்பா பீர் முகமது தோல் வியாபாரி. பிளஸ் டூ முடித்த பெண், விமானம் பழுது பார்க்கும் படிப்புக்குச் சென்னைக்குப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து புத்தி சொன்னார்களாம். அப்பா எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, மகளைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். படிப்பு முடிந்தும் லைசென்ஸ் பரீட்சையில் ஒரு பேப்பர் மட்டும் அக்காவைப் பாடாய்ப் படுத்தியது. எழுதுவார், விழுவார், மறுபடி எழுதுவார். அந்த நேரத்தில்தான் பெண் பார்க்க வந்தார்கள். "அந்தப் பேப்பர் பாஸாகுற வரைக்கும் கல்யாணத் தேதி கேக்காதீக" என்று மாப்பிள்ளை வீட்டாரிடமே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வாஜித் காத்திருந்தார். அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன் என்று அக்கா சொல்வார்.

டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். இவர் தான் வாங்க நினைத்த கருவியின் படத்தை ஃபோனில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அக்கா, பத்து இன்ச் ஸ்கிரீன். மேப் வரும், இன்ஜின் வெவரம் வரும், பாட்டும் கேக்கலாம்."

"பாட்டு கேக்க பஸ்ல போங்க தம்பி" என்றார் அக்கா.

பிறகு பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்தப் பத்து இன்ச் அளவுக்கு வெட்டி, விமானத்தின் பேனலில் ஒட்டினார். இவரை உட்காரச் சொன்னார். அட்டை முன்கண்ணாடியை மறைத்தது. ஓடுபாதையைப் பார்க்க இவர் கோழி மாதிரி கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. நான் சிரித்ததை இவர் இன்னும் மறக்கவில்லை.

"எறங்குறப்ப வேகம் எம்புட்டு இருக்கணும்?" என்று அக்கா கேட்டார்.

இவர் பழைய வேக மீட்டரில் விரல் வைத்து, "முள்ளு இங்கன நிக்கணும்" என்றார்.

"நம்பர் சொல்லுங்க."

இவருக்கு வரவில்லை.

"நீங்க நம்பர் படிக்கிற ஆளு இல்ல தம்பி, முள்ளப் பாக்குற ஆளு. பயந்து கெடக்குறப்ப நம்பர் மண்டையில ஏறாது. முள்ளுதான் ஏறும்."

கடைசியில் அக்கா சொன்னதுதான் வந்தது. உள்ளங்கை அகலத்தில் வட்டமான ஒரு கருவி. வேகம், உயரம், ஏற்ற இறக்கம், அடிவானக் கோடு, திசை எல்லாமே அந்த ஒன்றில் தெரியும். நம்பரோடு முள்ளும் வரைந்து காட்டும். விமானத்தில் கரண்ட் போனாலும் உள்ளே தனி பேட்டரி உண்டு. மக்கர் செய்த உயர மீட்டரைக் கழற்றிய அதே ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. நல்ல நிலையில் இருந்த வேக மீட்டரை அக்கா தொடவே இல்லை, பக்கத்துணையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இவர் முகம் தொங்கிப்போனது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அன்றைக்கு அக்காவுக்கு வடை சுட்டேன்.

வேலை இழுத்துக்கொண்டே போனது. வேகத்தையும் உயரத்தையும் கணக்கிடக் கருவிக்குக் காற்றின் அழுத்தம் வந்துசேரும் பிளாஸ்டிக் குழாய்களில் ஊசி போடும் சிரிஞ்சை மாட்டி, எங்கே கசிகிறது என்று பார்த்தார். ஒரு குழாய் வெடித்திருந்தது. இறக்கைக்குக் கீழே காற்று நுழையும் துளையில் குளவி மண் பூசியிருந்தது. வெடித்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று இவர் கேட்டார். அக்கா எல்லாவற்றையும் மாற்றினார். கடைசியாக, கருவிக்குத் திசை சொல்லிக்கொடுக்கும் வேலை. அதற்குள் இருக்கும் சென்சார் பூமியின் காந்தத்தை வைத்துத்தான் வடக்கைக் கண்டுபிடிக்குமாம். டிரான்ஸ்ஃபார்மர், போர் பைப் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்துக்கு விமானத்தைத் தள்ளிக்கொண்டு போனோம். சாவிக்கொத்து, செல்ஃபோன் எல்லாவற்றையும் தூர வைக்கச் சொல்லி, ஒவ்வொரு திசையாகத் திருப்பி நிறுத்திச் சரிபார்த்தார்.

மிச்சம் இருந்தது கடைசிச் சோதனையும், விமானம் பறக்கலாம் என்று அக்கா போட வேண்டிய கையெழுத்தும். அதை இவர் விழாவாக்கிவிட்டார். பந்தல் போட்டு, கன்னிவாடியிலிருந்து சொந்தக்காரர்களை வரவழைத்து, நிலக்கோட்டை மல்லிகையில் மாலை கட்டி விமானத்தின் மூக்கில் சுழலும் காற்றாடிக்குப் போட்டார். முதலில் இவர் தனியாக ஒரு சுற்று, அடுத்து என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று என்று ஏற்பாடு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான் என் முறைக்குக் காத்து நின்றேன்.

அக்கா ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். முகம் சுருங்கியது. விமானம் சிறுமலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. கருவியோ எதிர்ப்பக்கம் இருக்கும் பழனியைப் பார்த்து நிற்பதாகச் சொன்னது.

காரணம் கருவிக்கு நேர் மேலே இருந்தது. பழனிக்கு நடந்து போன என் மாமியார், அடிவாரக் கடையில் வாங்கி வந்த முருகன். கார்களில் வைப்பார்களே, தகட்டை ஒட்டிவிட்டு அதன்மேல் காந்தத்தால் நிற்க வைக்கிற மாதிரி. அன்று விடியற்காலையில் அவரே வந்து ஒட்டி, பூ வைத்து, கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அக்கா இவரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"வானம் தெளிவாத்தானக்கா இருக்கு" என்றார் இவர். "இன்னிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுருங்க. நாளைக்கு அம்மா பாக்காதப்ப நானே எடுத்துர்றேன்."

"மார்கழியிலயும் தெளிவாத்தான் இருந்துச்சு."

"அம்மா நடந்து போயி வாங்கிட்டு வந்ததுக்கா. நான் எப்படிச் சொல்ல?" என்று என்னைப் பார்த்தார். நான் புடவை முந்தானையைப் பார்த்தேன்.

"நான் சொன்னா மட்டும் நல்லாருக்குமா தம்பி? இம்புட்டு சனம் நிக்கிது" என்றார் அக்கா. அதற்குள் பந்தலில் விஷயம் கசிந்துவிட்டது. "சாமிய எடுக்கச் சொல்ல இந்தம்மா யாரு?" என்று இவருடைய சித்தப்பா ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். அக்காவுக்கும் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நானாக இருந்தால் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். இல்லையென்றால் கையெழுத்தைப் போட்டுத் தொலைத்திருப்பேன்.

அக்கா பேனாவை மூடி வைத்தார். நேராகப் பந்தலுக்குள் நடந்து என் மாமியார் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, செத்த வாங்க. ஒண்ணு காட்டணும்."

நடந்து வெடித்த பாதம் மாமியாருக்கு இன்னும் ஆறவில்லை. படியில் கால் வைக்கச் சிரமப்பட்டார். அக்கா குனிந்து, அவர் பாதத்தைத் தன் கையில் தாங்கி ஏற்றி உட்கார வைத்தார்.

"இந்த வட்டத்தப் பாருங்க. இப்ப நீங்களே சாமிய எடுங்க. நான் தொடல."

மாமியார் முருகனை எடுத்தார். திசை காட்டும் முள் சரசரவென்று சுற்றிச் சிறுமலைப் பக்கம் வந்து நின்றது. மறுபடி வைத்தார். முள் ஓடியது. எடுத்தார், வைத்தார், எடுத்தார்.

"அடியில என்ன இருக்கு தாயி?"

"காந்தம்மா. சாமிக்கும் இதுக்கும் சண்ட இல்ல. காந்தத்துக்கும் இதுக்கும்தான். பனி எறங்குனா தம்பிக்கு இந்த வட்டம் ஒண்ணுதான் கண்ணு."

மாமியார் இவர் பக்கம் திரும்பினார். "ஏலே, அது அடுத்த வீட்டுப் புள்ள. என்ட்ட வந்து சொல்லுது. நான் பெத்தவ. நீ என்னத்துக்குடா பயந்த?"

மாமியார் முருகனை முந்தானையில் பொதிந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இறங்கவில்லை. "அப்ப சாமிகூட இல்லாம ஒத்தையிலயா போவான் எம் புள்ள?" என்றார்.

"ஒத்தையில இல்லம்மா" என்றார் அக்கா. "நான் கூடப் போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் விமானங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர், தரையை விட்டு ஒருமுறைகூடக் கிளம்பியதில்லை. உயரம் என்றால் அத்தனை பயம். கொடைக்கானல் பஸ்ஸிலேயே கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன் என்று வடை தின்றுகொண்டே என்னிடம் சொன்னவர். கிட்டே போய், "அக்கா, வேண்டாம்க்கா" என்றேன். "நூல் இருக்கா?" என்று கேட்டார்.

தைக்கிற நூலை இரட்டையாக்கி, ஒட்டியிருந்த இரும்புத் தகட்டுக்கு அடியில் கொடுத்து ரம்பம் மாதிரி இழுத்துப் பசையை அறுத்து, தகட்டையும் எடுத்துவிட்டார். மறுபடி விமானத்தைத் தள்ளவைத்து, ஒவ்வொரு திசையாகத் திரும்பவும் சரிபார்த்தார். வெயில் ஏறியது. சித்தப்பா டிபன் எப்போது என்று கேட்டார். அக்கா அவசரப்படவில்லை. எல்லாம் சரியாக வந்த பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

ஏறி உட்கார்ந்ததும் அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டதைப் பார்த்தேன். என் மாமியாரும் பார்த்தார். மகன் நெற்றியில் திருநீறு பூசியவர், சுற்றிப் போய் அக்காவின் கன்னங்களை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். படபடவென்று அத்தனை விரலும் சொடக்கு விட்டது. அக்கா ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

விமானம் தோப்புக்கு மேலே ஏறி, சிறுமலைப் பக்கம் திரும்பிச் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. வாஜித்.

"நசீம், சாப்டியா?"

"அக்கா வீட்டுக்காரர்" என்று மாமியாரிடம் சொன்னேன். மாமியார் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். கண் வானத்திலேயே இருந்தது.

"தம்பி, நான் முகேஷோட ஆத்தா பேசுறேன். உங்க வீட்டம்மா மேல எம் மகனப் பாத்துக்கிட்டு இருக்கு. எறங்குனதும் எங்க வீட்டுலதான் சாப்புடும்."