பாட்டிலுக்கு ஆறு கிலோமீட்டர்

என் சமையலறை ஜன்னலில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் நிற்கிறது. இப்போது ஆஸ்பத்திரிகளில் தொங்குகிற பிளாஸ்டிக் பை இல்லை. அந்தக் காலத்துக் கனத்த கண்ணாடி பாட்டில், அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே பிடிக்கும். அதன் வயிற்றில் மேலிருந்து கீழாக ஒட்டிய பிளாஸ்திரி பழுத்துப் பழுப்பாகிவிட்டது. அதில் பால்பாயிண்ட் பேனாவால் போட்ட கோடுகள், கோடுகளுக்குப் பக்கத்தில் எண்கள், கடைசிக் கோட்டையும் தாண்டிக் கோணல்மாணலாக இரண்டு வார்த்தைகள். வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கழுவிவிட்டு ஏதாவது கொடி வைக்கச் சொல்கிறார்கள். விடுவேனா நான்? போன வாரம் என் தங்கை மகன் புதுக் காரில் ஓசூரைச் சுற்றிக் காட்டினான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வண்டியே திரையில் எண் போட்டுச் சொல்கிறது. "இருபத்திரண்டு, பெரியம்மா!" என்று அவன் பூரித்தபோது, "போகும்போதா, வரும்போதா?" என்று கேட்டேன். பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

எண்பதுகளின் கடைசியில், தளியைத் தாண்டி ஜவளகிரி போகிற வழியில் பிரிந்து காட்டோரமாக ஏறுகிற ஒரு சாலையின் முடிவில், சிற்றூர் ஒன்றில் நான் கிராமச் செவிலியாக இருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. மேடு என்றால் வரப்பு, பள்ளம் என்றால் வாய்க்கால், அதற்கு மேல் தெரியாது. எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு அடுத்த வீடு பாயுடையது. ஊரில் தக்காளி, முட்டைக்கோஸ் வாங்கி ஓசூர் சந்தைக்கு ஏற்றிப்போய் விற்கிறவர். நாற்பது வயது, ஒல்லி, வாய் மட்டும் ஊருக்கே போதும். என் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார். "தஞ்சாவூர்ல தண்ணியே எந்தப் பக்கம் போவறதுன்னு ஆளைக் கேட்டுத்தான் போவுமாமே, நர்சம்மா?" என்பார்.

அவருடைய வண்டியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப். ஓசூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் அதன் பின்பாதியை வெட்டிவிட்டு, அடிச்சட்டத்தை நீட்டி, இரும்புப் பட்டையும் தகரமும் வைத்துத் தொட்டி கட்டி, பிக்கப் ஆக்கியிருந்தார். டிரைவர் தலைக்கு மேலே கல்யாணப் பந்தல் வளைவு மாதிரி ஒரு தகர வளைவு. அதில் பிறையும் நட்சத்திரமும் ரெண்டு மயிலும் பளபளக்கும். ஒருமுறை காட்டு வளைவில் எதிரே யானை நின்றதாம். அதை என்னிடம் மட்டும் ஏழெட்டு முறை சொல்லியிருப்பார். "ஆனைங்க நர்சம்மா! நான் பிரேக்க மிதிக்கறன், மிதிக்கறன், வண்டி பாட்டுக்குப் போய்னே இருக்குது! தும்பிக்கைக்கும் பானெட்டுக்கும் நடுவுல ஒரு முழம்!" அந்த முழம் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வரும். யானை நகர்ந்தது, இவர் பிழைத்தார், அவ்வளவுதான் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் அந்த வண்டிக்கும் இருந்த பந்தம் வேறு. தட்டம்மைத் தடுப்பூசி மருந்து அப்போது எங்களுக்கு ஓசூரில்தான் கிடைக்கும். ஐஸ் வாங்கி உடைத்துப் பெட்டியில் போட்டு, அதற்குள் மருந்தை வைத்து, இரண்டு பஸ் மாறி ஊருக்கு வர வேண்டும். ஒருமுறை நடுவழியில் பஸ் நின்றுவிட்டது. நான் ஊர் சேர்ந்தபோது பெட்டியில் ஐஸ் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தது. தாய்மார்கள் காலையிலிருந்து வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். சூடுபட்டால் அந்த மருந்து வீண்தான், ஆனாலும் திருப்பியனுப்ப மனம் வரவில்லை, போட்டுவிட்டேன். அடுத்த கோடையில் அம்மை வந்தது. நான் ஊசி போட்ட ஒரு பெண் குழந்தை போய்விட்டது. என் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக 'போடப்பட்டது' என்று என் கையெழுத்து இருக்கிறது. அந்தத் தாயிடம் போய், அன்றைக்கு ஐஸ் கரைந்திருந்தது என்று சொன்னேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதைக் கேட்ட பாய் மறுநாளே என் வாசலில் வந்து நின்றார். "இனிமே பெட்டி என் வண்டியில வருங்க. முன் சீட்டு அதுக்குத்தான், நீங்க வேணும்னா ஓரமா உக்காருங்க" என்றார். ஐஸ் கரைந்தால் இனி ஒரு ஊசியும் போடமாட்டேன் என்று அன்றைக்கு எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அந்த வண்டிக்குத்தான் ஆபத்து வந்தது. பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது. சந்தையில் கிடைப்பதெல்லாம் டேங்கிலேயே போய்விடுகிறது என்று பாயின் மனைவி புலம்புவார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எல்லாரும் டீசல் இன்ஜின் மாற்றச் சொன்னார்கள். "இன்ஜின் இன்னா மரத்துலயா காய்க்குது?" என்றார் பாய். ஜூஜுவாடியில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற ஒருவர் வந்து பார்த்து, ரம்ஜான் முடிந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டியைக் கொடுத்துவிட்டு ஏதாவது கம்பெனி வேனுக்கு டிரைவராகப் போய்விடு என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். பாய்க்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். மறுபடி பஸ், மறுபடி வெந்நீர்ப் பெட்டி.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான்தான் ஆரம்பித்தேன். "பாய், நோயாளி எவ்வளவு குடிக்கிறான், எவ்வளவு வெளியே போகுதுன்னு நாங்க அளந்து எழுதுவோம். உங்க வண்டி எவ்வளவு குடிக்குதுன்னு அளந்திருக்கீங்களா?" என்றேன். ஓசூர் ஆஸ்பத்திரியில் தூக்கியெறிய வைத்திருந்த ஒரு குளுக்கோஸ் பாட்டிலைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, பெட்ரோல் தாங்குகிற குழாயும் ஒரு திருகுகுழாயும் போட்டு, நேராகக் கார்புரேட்டருக்குக் கொடுத்தார். மேலே பிளாஸ்திரி ஒட்டி, பெட்ரோல் இறங்க இறங்க எத்தனை கிலோமீட்டர் என்று கோடு போட்டு எழுதினார். பாட்டிலில் பெட்ரோல் தொங்குகிற இடத்தில் பீடி பற்றவைக்க முடியுமா? பாய் வண்டியில் பீடியை விட்டார். "மைலேஜ் ஏறுதோ இல்லியோ, பீடி இறங்கிடுச்சு. உன் பாட்டில் நல்லாருக்கணும், தாயி" என்று அக்கா என்னை வாழ்த்தினார்.

முதலில் ஒரு பாட்டிலுக்கு நாலரை கிலோமீட்டர் போயிற்று. பிறகு வைத்தியம் தொடங்கியது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். டயர்களில் காற்றைச் சரியாக அடித்தார். தொட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்த இரும்புச் சாமான்களை இறக்கினார். படபடவென்று அடித்துக்கொண்டிருந்த தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். மயில் வளைவை மட்டும் தொடவிடவில்லை. "அது காத்த வாங்கி வண்டியைப் பின்னால இழுக்குது" என்று நான் சொன்னால், "அது வண்டிக்கு மூஞ்சிங்க, மூஞ்சிய அறுப்பாங்களா?" என்று கோபித்துக்கொள்வார். தினமும் காலையில் சுமையோடு ஓசூருக்கு இறங்கும்போது பாட்டிலில் அளப்பார், சாயங்காலம் என் வாசலில் வந்து எண் சொல்வார். ஐந்து. ஐந்தேகால். ஐந்தரை. ஒருநாள் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்: "ஆறு, நர்சம்மா! பாட்டிலுக்கு ஆறு! முழுச் சுமையோட!" திரும்பி வரும்போது அளந்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் நினைக்கவில்லை. சுமையோடு ஆறு கொடுக்கிற வண்டி காலியாக வரும்போது ஏழு கொடுக்காதா? இரண்டு பேரும் படித்த முட்டாள்கள் மாதிரி அக்கா கையால் சேமியா பாயசம் குடித்தோம்.

அடுத்த வாரம் ஊசி நாள். ஓசூரில் ஐஸை நிரப்பிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். பாய் பெட்ரோல் பங்கில் நாலே லிட்டர் போட்டார். "எதுக்கு பாய் இவ்வளவு கம்மியா?" என்றேன். "கணக்கா வீட்டு வாசல்ல போய் நிக்கும் பாருங்க. நாளைக்கு ஜூஜுவாடிக்காரன் வரான். அவன்கிட்ட நாலு லிட்டர்ல வந்தன்டான்னு சொல்லணும்" என்றார். மறுநாள் அளப்பதற்காகப் பாட்டிலையும் நிரப்பித் தொங்கவிட்டிருந்தார். தளி தாண்டியது. எங்கள் ஊர்ச் சாலைக்குத் திரும்பிக் கொஞ்ச தூரம் ஏறியதும் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. உச்சி வெயில். ஊருக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்பதை அவர் நம்பவே இல்லை, டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "பாட்டில் இருக்குதே! ஆறு போவும், நமக்கு அஞ்சுதான!"

பாட்டிலைத் திறந்துவிட்டுக் கிளம்பினோம். நான் சாலையைப் பார்க்கவில்லை, பிளாஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை கிலோமீட்டர் கூட ஆகவில்லை, பாதி பாட்டில் காலி. "நிறுத்துங்க பாய்!" என்று கத்தினேன். முந்தின நாள் பெய்த மழைத்தண்ணீர் சாலையோரக் கால்வாயில் எங்களைத் தாண்டிப் பின்னால், தளிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. "தண்ணிக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே! ஊர் முனை மேட்டைத் தாண்டினா ஓசூர் வரைக்கும் இறக்கம். உருண்டு போற வண்டிக்கு அளந்துட்டு, ஏறி வர்ற வண்டிக்கு நாலு லிட்டர் போட்டீங்களே!" என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன். அழுகை வேறு வந்தது.

இறங்கி நிழல் தேடிப் பெட்டியை வைக்கப் போனவள், தடுமாறிப் பின்சக்கரத்தின் நடுவில் கையை ஊன்றினேன். சுரீர் என்று சுட்டது. வெயிலில் சுட்டதாக நினைத்து முன்சக்கரத்தைத் தொட்டேன், அது வெறும் வெதுவெதுப்பு. ஓடிப்போய் அந்தப் பக்கப் பின்சக்கரத்தைத் தொட்டேன். கொதித்தது. வருஷக்கணக்காகக் குழந்தைகளின் நெற்றியைத் தொட்ட கைக்கு இது கூடவா தெரியாது? "பாய், பின்னால ரெண்டுக்கும் காய்ச்சல் அடிக்குது" என்றேன். அவரும் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தலையில் கையை வைத்துக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆனைங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. "அன்னிக்கு ஆனையைப் பாத்துட்டு வந்து, பயத்துல பின் பிரேக்க நானே புடிச்சு இறுக்கனேன். யாருக்கும் சொல்லல. பிரேக்கு அன்னியிலேருந்து சக்கரத்தப் புடிச்சுக்கினே வருதுங்க." ஒரு வருஷமாக வண்டி பிரேக் போட்டபடியே ஓடியிருக்கிறது. இறக்கத்தில் அளந்ததில் அது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்பேனரால் தளர்த்தினார். கையால் தள்ளிவிட்ட சக்கரம் நிற்காமல் சுற்றியதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மீதிப் பாதி பாட்டிலோடு கிளம்பினோம். இந்த முறை அவர் கால் ஆக்சிலரேட்டரில் பட்டதா என்றே தெரியவில்லை. பெட்ரோல் ஒவ்வொரு கோடாக, முன்பைவிட மெதுவாக இறங்கியது. ஊருக்கு முன்னால் உள்ள கடைசி மேட்டின் உச்சியில் பாட்டில் காலியாயிற்று. இன்ஜின் அணைந்தது. அதற்கப்புறம் ஊர் வரைக்கும் சரிவுதான். வண்டி சத்தமே இல்லாமல் உருள ஆரம்பித்தது. அந்த அமைதியில், என் மடியிலிருந்த பெட்டிக்குள்ளிருந்து அது கேட்டது: ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசினால் அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

துணை நிலையத்து வேப்பமரத்தடியில் தாய்மார்கள் பாதிப்பேர் எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் வந்து நின்ற வண்டியை முதலில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவள் அவள்தான், கதவைச் சாத்திக்கொண்டவள். இடுப்பில் அடுத்த குழந்தை, ஒன்பது மாதம். கன்னடக்காரி, தமிழ் அதிகம் வராது. நேராக என்னிடம் வந்து, குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐஸ் இத்யா?" என்றாள். ஐஸ் இருக்கிறதா என்று கேட்கிறாள். நான் பெட்டியைத் திறந்து ஒரு கட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அது கரைந்து மணிக்கட்டில் வழிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையின் கையை நீட்டினாள். முதல் ஊசி அதற்குத்தான். நான் அழுதுகொண்டே போட்டேன்.

மறுநாள் ஜூஜுவாடிக்காரர் வந்தபோது வண்டியைக் காணோம், பாய் அளக்கப் போயிருந்தார். போகும்போது ஒரு பாட்டில், வரும்போது ஒரு பாட்டில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது பெட்ரோல் செலவு நன்றாகக் குறைந்திருந்தது, அக்காவே வண்டியைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மயில் வளைவைப் பாய் தானாகவே கழற்றினார். அது அவர்கள் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாயிற்று. "எங்க கோழிங்க நவாப் மாதிரி இருக்குதுங்க" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். அந்த வண்டி அதற்கப்புறம் ஏழு வருஷம் ஓடியது. அந்த ஏழு வருஷமும் முன் சீட்டில் பெட்டி, ஓரத்தில் நான்.

எனக்கு மாற்றல் வந்தபோது பாய் பாட்டிலைக் கழற்றித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க ஆஸ்பத்திரி சாமான், நீங்களே வச்சுக்குங்க" என்றார். இப்போது பாயும் இல்லை, அக்காவும் இல்லை. காலையில் காபி போடும்போது வெயில் அந்தப் பாட்டில் வழியாக அடுப்பு மேடையில் விழுகிறது. பிளாஸ்திரியில் அத்தனை கோடுகளுக்குப் பக்கத்திலும் கிலோமீட்டர் எழுதியிருக்கிறது. கடைசிக் கோட்டையும் தாண்டி, அன்றைக்குப் பாட்டில் காலியான இடத்தில், பாய் எண் எதுவும் போடவில்லை. 'ஐஸ் இருந்துச்சு' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.