அண்ணி தேர்ந்தெடுத்த டெஸ்க்டாப்

எனக்கு வேண்டியிருந்தது லேப்டாப். அதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. செங்கம் ரோட்டுக் காபிக் கடைகளுக்கு மெனு கார்டு, லாட்ஜ்களுக்கு விளம்பர அட்டை என்று வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். அந்தக் கடைகளில் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே டீயை அரை நாள் குடிப்பார்கள். நானும் அப்படி உட்கார்ந்து, கடைக்காரர் கண்ணெதிரிலேயே நிறத்தை மாற்றி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்று ஆசை. அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை. அதை அண்ணியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி அவள் வந்த நாளிலிருந்து எனக்குத் தோழி என்றால் அவள்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். அவள் வேலைக்குப் போய்விட்டால் மூட்டு வலிக்கார அம்மாவும் அண்ணன் பிள்ளைகள் இரண்டும் என் பொறுப்பு. கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"லேப்டாப்லாம் ஷோக்குக்குத்தான். அதே காசுக்கு டெஸ்க்டாப்ல ஸ்பீடு ஜாஸ்தி. ஸ்கிரீன் பெருசு, உனக்குக் கண்ணும் கெடாது. எதுனா போச்சுன்னா அந்த ஒரு பார்ட்ட மட்டும் மாத்திக்கலாம்" என்றாள்.

"கரண்டு போச்சுன்னா, அண்ணி?"

"யூபிஎஸ் எதுக்கு இருக்குது?"

ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல். பொய் சொல்லியிருந்தால் எங்கேயாவது மாட்டியிருப்பாள். டெஸ்க்டாப் வந்தது. அவளே ஒயர்களை மாட்டி, மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். நான் அவள் வாயில் மைசூர்பாகு ஊட்டிவிட்டேன்.

மறு வருஷம் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். வேலை உனக்குத்தான், ஆனால் சொந்த லேப்டாப்போடு வர வேண்டும் என்றார்கள். என் கையிலிருந்ததெல்லாம் டெஸ்க்டாப்பில் போயிருந்தது. அண்ணனைக் கேட்டால், "ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு?" என்றான். அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறலாமா என்றுகூட யோசித்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே யோசித்தேன். வேலை வேறு யாருக்கோ போயிற்று. நான் அழுதபோது தலையைத் தடவிக்கொடுத்தவளும் அண்ணிதான். "விடும்மா, இதவிட நல்லதா வரும்" என்றாள்.

வரவில்லை. சில வருஷம் ஓடி, டெஸ்க்டாப்தான் படுத்துக்கொண்டது. இந்தத் தடவை லேப்டாப்தான் என்று, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள்.

"இப்ப வாங்கிக்கோ, யாரு வேணாங்கறா? அன்னிக்கு உங்கண்ணிதான் கெட்டிக்காரி. இவ லேப்டாப் வாங்குனா பையில போட்டுக்கினு மெட்ராஸ் கெளம்பிடுவா, டெஸ்க்டாப்னா வீட்ட வுட்டு நகர மாட்டான்னு என்கிட்டயும் உங்கண்ணன்கிட்டயும் சொன்னா. சொன்ன மாதிரியே ஆச்சா இல்லியா?"

மருமகளின் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டுதான் சொன்னாள். நான் நம்பிச் சொன்ன ஆசையை வைத்தே அண்ணி என்னை மடக்கியிருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. இவர்களுக்குத்தானா இத்தனை வருஷம் சோறு வடித்தேன் என்று ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் அண்ணி செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன். மழுப்புவாள் என்று நினைத்தேன். மழுப்பவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ போயிருந்தா நான் வேலைய வுட்டிருக்கணும். அத்தையையும் பசங்களையும் வேற யாரு பாக்கறது? உங்கண்ணனா?"

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி? உங்கள எவ்ளோ நம்புனேன்!"

"சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

நின்றிருப்பேனா, அவள் வேலை எக்கேடு கெட்டாலும் சரி என்று பஸ் ஏறியிருப்பேனா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அவளுக்காக நானே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது என் பெருமையாக இருந்திருக்கும். போயிருந்தால் என் பாவமாக இருந்திருக்கும். இரண்டில் ஒன்றைக்கூட அவள் எனக்கு விட்டுவைக்கவில்லை.

அவள் எழுந்து போய், வழக்கம்போல எனக்கும் சேர்த்துக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவளை அண்ணி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.