பொன்முடி ஓடையில் குடியிருப்பவர்கள்

ஓடைத் தண்ணீரையும் காட்டு மண்ணையும் அள்ளி வந்து, அதில் என்னென்ன பாக்டீரியா குடியிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. பரிசோதனைக் கூடம் திருவனந்தபுரத்தில். மாதம் இரண்டு தடவை பொன்முடி மலைக்குப் போகவேண்டும். செய்கிற வேலையைப் பக்கத்து சீட்காரருக்கு விளக்க முடியாமல், "சும்மா, ஆபீஸ் வேலைதான்" என்று சொல்லித் தப்பித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

உயிருள்ள சுமை

ஒரு நாள் பொன்முடியிலிருந்து திரும்பும் பஸ்ஸில், தண்ணீர் பாட்டில்கள் இருந்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வித்துராவில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், பெட்டியில் மீனா என்று கேட்டாள். பாக்டீரியா என்றேன்.

"உயிரோடயா?"

"உயிரோடதான். செத்துப்போனா எங்களுக்கு உபயோகமில்லை."

அவள் எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை கூட்டத்திலும் ஊர் வந்து சேரும்வரை அந்த இடம் காலியாகவே இருந்தது. கண்டக்டர் மட்டும் அசரவில்லை. டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டே மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "உயிருள்ளதுன்னா டிக்கெட் எடுக்கணும் கேட்டோ. எத்தனை உருப்படி?"

அம்மாவின் மூக்கு

திருவனந்தபுரத்திலேயே கரமனையில் எங்கள் அக்ரஹாரத்து வீட்டில், காட்டுக்குப் போய்வந்த நாளில் குளிக்காமல் சமையலறைப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஒருமுறை மண் பொட்டலம் பிரிந்து கூடத்தில் கொட்டிவிட்டது. விளக்குமாற்றோடு வந்த அம்மா குனிந்தவள் அப்படியே நின்றாள். "முதல் மழை பெஞ்சாப்பல மணக்கறதேடி" என்றாள். அந்த மணத்தை உண்டாக்குவதே மண்ணிலிருக்கும் பாக்டீரியாதான் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "மணக்கறதும் அதுதான், நாத்தமடிக்கறதும் அதுதான்னா, நான் எதைத்தான்டி அலம்பறது?"

செல்வியின் போர்டு

பொன்முடி ஏறும் வழியில், ஓர் ஓடையை ஒட்டி செல்வியின் டீக்கடை. எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அந்த ஓடைத் தண்ணீரில்தான் எலுமிச்சை ஜூஸ் போடுவாள். ஒரு மாதம் அந்தத் தண்ணீரைச் சோதித்ததில் மனிதக் குடலில் வாழும் பாக்டீரியா நிறைய வந்தது. ரிப்போர்ட்டை அனுப்பினால் போதும் என்றார்கள் ஆபீஸில். எனக்கு மனசு கேட்கவில்லை. நேரே போய்ச் சொன்னேன்.

"பிறந்ததிலேருந்து இந்தத் தண்ணிதான் குடிக்கேன். எனக்கு என்ன ஆச்சு?" என்று சீறினாள். பிறகு குரல் இறங்கியது. அவள் மகளுக்கு மூன்று வாரமாக வயிற்றுப்போக்கு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். கடையைச் சாத்திவிட்டு என்னோடு ஓடையோரமாகவே மேலே ஏறினாள். புதிதாக வந்திருந்த ஒரு லாட்ஜின் கக்கூஸ் குழாய் உடைந்து ஓடையில் ஒழுகிக்கொண்டிருந்தது. போய்ச் சொன்னதற்கு, பார்க்கலாம் என்றார் லாட்ஜ் மேனேஜர்.

செல்வி காத்திருக்கவில்லை. தண்ணீரைக் குடிக்காதீர்கள், லாட்ஜ் குழாய் உடைந்திருக்கிறது என்று மலையாளத்தில் பெரிதாக எழுதிக் கடை வாசலில் மாட்டினாள். லாட்ஜுக்கு ஆள் வருவது நின்றது; அவள் கடைக்கும் வரவில்லை. நாலாம் நாள் மேனேஜரே இறங்கி வந்து போர்டை எடுக்கச் சொன்னார். செல்வி டீ ஆற்றுவதை நிறுத்தாமல் சொன்னாளாம்: "எடுத்துடலாம் சார். குழாயை மாத்திட்டு வந்து நீங்க ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டுங்க."

ஒரு கேள்வி

குழாய் மாறியது. அடுத்த இரண்டு சோதனையிலும் தண்ணீர் தேறியது; செல்வியின் மகளும் தேறினாள். ஆனாலும் செல்வி இப்போது காய்ச்சி ஆறவைத்துத்தான் ஜூஸ் போடுகிறாள்.

ஒரு நாள் காரில் வந்த குடும்பம் நாலு ஜூஸ் சொல்லிவிட்டு ஓடையில் கால் நனைத்துக்கொண்டிருந்தது. பாட்டிலும் கையுமாக நின்ற என்னிடம், இதில் பாக்டீரியா உண்டா என்று மலையாளத்தில் கேட்டார் குழந்தைகளின் அப்பா. இப்படி ஒருவர் கேட்கமாட்டாரா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். உண்டு சார், உதிர்ந்த இலையை மட்கவைப்பதே அவைதான், இந்தப் பாறை வழுக்குவதுகூட அவற்றால்தான், உங்கள் குடலிலும் கோடிக்கணக்கில் இருக்கின்றன என்று உற்சாகமாக விளக்கினேன். தாயார் குழந்தைகளைக் கரையேற்றினாள். ஜூஸ் வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

நாலு கிளாஸையும் வரிசையாக வைத்துவிட்டு செல்வி என்னைப் பார்த்தாள். "அக்கா, இனிமே யாராவது கேட்டா மலையாளம் தெரியாதுன்னு சொல்லிருங்க."

இத்தனை வருஷத்தில் ஒரு பாக்டீரியாகூட என்னை எதிர்த்துப் பேசியதில்லை என்பதுதான், இந்த வேலையை விடாமலிருக்க வீட்டில் நான் சொல்லிவரும் ஒரே காரணம்.